ஸ்பெகோமிர்மா ஃப்ரேயி: இரண்டே உடல்களை வைத்து அதை எறும்பு என்று எப்படி உறுதி செய்தார்கள்?

தோப்பூரான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அழிந்துபோன பூச்சிகளைப் பற்றிய நூல் ஒன்றில் ஸ்பெகோமிர்மா ஃப்ரேயி என்னும் எறும்பைப் பற்றி இரண்டு பத்திகள் படித்தேன். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலக் கடற்கரையில் கிடைத்த ஓர் அம்பர்த் துண்டுக்குள், அதாவது கல்லாக இறுகிப்போன மரப்பிசினுக்குள், சிறகில்லாத இரண்டு பூச்சிகள் இருந்தன என்றும், மறு ஆண்டே அவற்றை டைனோசர்கள் வாழ்ந்த காலத்து எறும்பு என்று அறிவித்துவிட்டார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. கிரேக்க மொழியில் குளவிக்குரிய சொல்லையும் எறும்புக்குரிய சொல்லையும் சேர்த்துத்தான் பெயரே வைத்திருக்கிறார்களாம். பெயர் வைத்தவர்களுக்கே இது குளவியா எறும்பா என்ற ஐயம் இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

என் ஐயத்துக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் முந்திரித் தோப்பில் சருகுக்கு மேலே செம்பட்டு போர்த்தியது போன்ற ஒரு பெரிய எறும்பு தனியாக ஓடுவதைக் கண்டு, இலையால் தடுத்துக் கையில் ஏற விட்டேன். அது கொட்டிய வலி அன்று மாலைவரை அடங்கவில்லை. பூச்சியியல் படித்த உறவினர் ஒருவரிடம் படத்தைக் காட்டியபோது, "மாமா, இது எறும்பே இல்லை, சிறகில்லாத பெண் குளவி" என்றார். உயிரோடு கண்முன் ஓடும் ஒன்றையே நான் இப்படித் தவறாக எண்ணினேன் என்றால், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிசினில் சிக்கிய இரண்டு உடல்களைப் பார்த்து இது எறும்புதான் என்று எதை வைத்துச் சொன்னார்கள்? அதோடு நில்லாமல், அவை இராணியும் வேலைக்காரர்களுமாகக் கூட்டமாய் வாழ்ந்தன என்றும் அந்த நூல் சொல்கிறது. ஒரு பூச்சியின் உடலிலிருந்து அதன் குடும்ப வாழ்க்கையைப் படிக்க முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்ணோக்கி

நல்ல கேள்வி, ஐயா. உங்களைக் கொட்டிய பூச்சியை ஆங்கிலம் பேசுவோரே "வெல்வெட் எறும்பு" என்றுதான் அழைக்கிறார்கள் என்பதால் நீங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. மியூட்டில்லிடே என்னும் அந்தக் குளவிக் குடும்பத்தில் ஆணுக்குச் சிறகு உண்டு, பெண்ணுக்குக் கிடையாது. ஆகவே சிறகின்மை மட்டும் எறும்புக்கு அடையாளமாகாது என்ற உங்கள் அடிப்படை எண்ணம் சரியானதே.

முதலில் அந்தத் துண்டு கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது கிட்டத்தட்ட கைதவறிப் போயிருக்க வேண்டிய கதை. நியூ ஜெர்சியில் கிளிஃப்வுட் என்னும் இடத்தில், அலை அரித்த களிமண் கரையின் அடிவாரத்தில், எட்மண்ட் ஃப்ரே என்பவரும் அவர் மனைவியும் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது இந்த அம்பர் அவர்கள் கைக்கு வந்தது. ஆய்வாளர்கள் அல்லாத அவர்கள் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பேர்டுக்கு அனுப்ப, அவர் அதன் அருமையை உணர்ந்து, புதைபடிவப் பூச்சிகளில் பெரும் புலமை கொண்டிருந்த ஹார்வர்டின் ஃபிராங்க் கார்பென்டருக்கு அனுப்பினார். அதே பல்கலைக்கழகத்தில் இருந்த எறும்பியல் அறிஞர் எட்வர்ட் வில்சன் செய்தி கேட்டு ஓடிவந்து துண்டைக் கையில் எடுத்தார், பதற்றத்தில் நழுவவிட்டார், அது தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. ஒவ்வொரு பாதியிலும் ஓர் எறும்பு கீறல்கூட இல்லாமல் தங்கிவிட்டது என்பதை வில்சனே பின்னாளில் எழுதியிருக்கிறார். வில்சன், கார்பென்டர், வில்லியம் பிரவுன் மூவரும் 1967இல் இனத்தை விவரித்தபோது, ஃப்ரே தம்பதியரின் நினைவாக ஃப்ரேயி என்ற பெயரை இட்டார்கள்.

அவர்கள் ஏன் அவ்வளவு பதறினார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. அதுவரை அறியப்பட்டிருந்த பழைய எறும்புகளில் பெருந்தொகை பால்டிக் கடல் பகுதி அம்பரிலிருந்து வந்தவை. அவற்றின் வயது நான்கு கோடி ஆண்டுகளைச் சற்றுக் கடந்தது. அந்த எறும்புகளை எடுத்துப் பார்த்தால் இன்று நம் வீட்டில் ஊர்பவற்றிலிருந்து பெரிய வேறுபாடு தெரியாது; பல பேரினங்கள் இன்றும் வாழ்கின்றன. எறும்பு எறும்பாவதற்கு முன் எப்படி இருந்தது என்பதைக் காட்ட ஒன்றுகூடக் கையில் இல்லை. வில்சனும் பிரவுனும் அந்த மூதாதை எப்படி இருந்திருக்கக்கூடும் என்று முன்பே மனத்தில் ஒரு வடிவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் இது வந்து சேர்ந்தது.

இனி உடலுக்கு வருவோம். குளவியிடமிருந்து எறும்பைப் பிரித்துக் காட்டும் உறுப்புகளில் மிக முக்கியமானது மெட்டாப்ளூரல் சுரப்பி. பின்னங்கால் மார்போடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, மார்பின் பின்மூலையில், இருபுறமும் ஒரு சிறு குமிழும் அதில் ஒரு வாயும் இருக்கும். நுண்ணுயிர்களை அடக்கும் நீர் அதிலிருந்து கசிகிறது. ஈரமண்ணுக்குள் நெருங்கி வாழும் உயிருக்கு அது எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேறெந்தப் பூச்சிக் குடும்பத்துக்கும் இந்த உறுப்பு கிடையாது. இரண்டாவது, இடுப்புக் கணு. குளவிக்கும் இடுப்பு ஒடுங்கியதுதான். ஆனால் எறும்பில் அந்த ஒடுக்கம் தனி ஒரு கணுவாகி, முன்னும் பின்னும் கயிறு கட்டி இறுக்கியது போல மேலே புடைத்து நிற்கும். ஸ்பெகோமிர்மாவில் இந்தக் கணு தெளிவாகத் தெரிகிறது.

அதே உடலில் குளவியும் இருக்கிறது. தாடைகள் குட்டையானவை, இரண்டே பற்கள் கொண்டவை. இன்றைய எறும்பின் அகன்ற பல்வரிசைத் தாடை இல்லை. நெற்றியில் மூன்று சிறு தனிக்கண்கள் இருக்கின்றன. இக்கால வேலைக்கார எறும்புகள் பெரும்பாலானவற்றில் அவை மறைந்துவிட்டன. வயிற்றின் நுனியில் கொடுக்கு உண்டு. உணர்கொம்பின் முதல் தண்டோ இரண்டுக்கும் இடைப்பட்ட கோலத்தில், எறும்புக்குரிய நீளத்தை எட்டாமல் நிற்கிறது. எனவே அந்தப் பெயர் ஐயத்தில் வைத்த பெயர் அன்று. இரண்டு வகைப் பண்புகளும் ஓருடலில் இருப்பதைக் கண்டு வைத்த பெயர்.

மறுபக்கம்

நுண்ணோக்கி எழுதியது அனைத்தும் சரி. ஆனால் 1967இலேயே வழக்கு முடிந்துவிட்டது போன்ற எண்ணம் வாசகருக்கு ஏற்படக்கூடும் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அந்தச் சுரப்பியின் வாய் உண்மையிலேயே தெரிகிறதா, அல்லது பிசினில் விழுந்த நிழலா என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. அம்பர் ஒன்றும் கண்ணாடி இல்லை. உள்ளே விரிசலும் குமிழியும் தூசியும் இருக்கும், உடலின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் பால்நிறப் படலம் மூடியும் இருக்கும். 1997இல் கிரிமால்டி, அகோஸ்டி, ஜேம்ஸ் கார்பென்டர் ஆகியோர் நியூ ஜெர்சி அம்பரில் புதிதாகக் கிடைத்தவற்றையும் பழையவற்றையும் மீண்டும் ஆராய்ந்து எழுதிய பிறகுதான் சுரப்பி பற்றிய ஐயம் பெருமளவு நீங்கியது. (முன்னர்ச் சொல்லப்பட்ட கார்பென்டர் வேறு, இவர் வேறு. நானே ஒருமுறை இருவரையும் ஒருவராக எண்ணிக் குழம்பியிருக்கிறேன்.)

அதைவிடக் கூர்மையான எதிர்வாதம் உணர்கொம்பைப் பற்றியது. எறும்பின் உணர்கொம்பு முழங்கை போல மடங்குவதற்குக் காரணம் அதன் முதல் தண்டு நீண்டிருப்பதே. அப்படி மடங்குவதால்தான், தாடையில் கவ்விய முட்டையையோ புழுவையோ உணர்கொம்பின் நுனி தொட்டு உணர முடிகிறது. ஸ்பெகோமிர்மாவில் அந்தத் தண்டு குட்டை. ஆகவே அது தன் வாயருகே இருப்பதைச் செம்மையாகத் தடவி அறிந்திருக்க முடியாது, குஞ்சு பேணியிருக்க முடியாது, எனவே அது கூட்டமாய் வாழ்ந்த உயிரே அன்று என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். சிறகில்லாத அந்த இரண்டும் வேலைக்காரர்களா, அல்லது தோப்பூரான் ஐயாவைக் கொட்டியது போன்ற தனித்திரியும் பெண்களா என்பதை அந்த ஒரு துண்டைக் கொண்டு மட்டும் தீர்க்க முடியாது. வில்சன் 1987இல் விரிவாக எழுதிய கட்டுரையில் வேலைக்காரர்கள் என்ற பக்கத்தையே வலுவாகப் பேசினார் என்றாலும், அது இன்னொரு தரப்பின் வாதமாகவே அப்போது இருந்தது.

தோப்பூரான்

இருவருக்கும் நன்றி. உணர்கொம்பு வாதத்தைப் படித்ததும் என் மனம் மீண்டும் குளவிப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரே துண்டில் இரண்டு இருந்தன என்பதையாவது கூட்டு வாழ்க்கைக்குச் சான்றாகக் கொள்ளலாமா? அல்லது ஒரே மரத்தில் ஏறிய இரண்டு தனிப்பயணிகள் ஒரே சொட்டில் மாட்டிக்கொண்டன என்றும் சொல்லலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு நூல் பத்துக் கோடி ஆண்டு என்கிறது, இன்னொன்று எட்டுக் கோடி என்கிறது. இந்தக் காலக் கணக்கை எப்படிச் செய்கிறார்கள்?

களிமண்கரை

காலக் கணக்குக்கு மட்டும் விடை சொல்கிறேன். அம்பரை நேரடியாக அளந்து அதன் வயதைச் சொல்வதில்லை. கார்பன் 14 முறை சுமார் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்லாது என்பதால் அது இங்கே பயன்படாது. அம்பர் எந்தப் படிவுக்குள் கிடந்ததோ அந்தப் படிவின் வயதே அம்பரின் வயதாகக் கொள்ளப்படுகிறது. கிளிஃப்வுட் கரையில் தெரிவது மகோதி படிவம் என்னும் மண்ணடுக்கு. அந்தக் களிமண்ணில் உள்ள மகரந்தத் துகள்களின் வகைகளை வேறு இடங்களில் வயது தெரிந்த அடுக்குகளோடு ஒப்பிட்டு, கிரிடேசியக் காலத்தின், அதாவது டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலத்தின், பிற்பகுதி என்றும், இன்று பெரும்பாலும் சுமார் 9 கோடி ஆண்டுகள் என்றும் சொல்கிறார்கள். ஒப்பீடு திருந்தத் திருந்த எண்ணும் மாறியது. நீங்கள் படித்த வேறுபாடு அதனால் வந்தது.

மியான்மரின் கச்சின் பகுதி அம்பருக்கு இதைவிட நல்ல வசதி இருக்கிறது. அங்கே சுற்றியுள்ள படிவில் எரிமலைச் சாம்பலோடு வந்த சிர்கான் படிகங்களில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவை அளந்து, 9 கோடியே 88 லட்சம் ஆண்டுகளை ஒட்டிய வயதை 2012இல் வெளியிட்டார்கள்.

  

இளவேனில்

தோப்பூரான் ஐயாவின் இரண்டு பயணிகள் உவமை நியாயமானது. இரண்டை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. ஆனால் கதை நியூ ஜெர்சியோடு நிற்கவில்லை. களிமண்கரை குறிப்பிட்ட கச்சின் அம்பரில், ஸ்பெகோமிர்மாவுக்கு நெருங்கிய உறவுடைய ஜெரோன்டோஃபார்மிகா என்னும் பேரினத்தின் எறும்புகள் பல கிடைத்துள்ளன. ஒரே துண்டில் பல வேலைக்காரர்கள் ஒன்றாகச் சிக்கியவற்றையும், வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த இரண்டு வேலைக்காரர்கள் ஒன்றையொன்று கவ்விப் போரிடும் நிலையில் உறைந்துபோனதையும் 2016இல் பார்டனும் கிரிமால்டியும் வெளியிட்டார்கள். பயணிகள் என்றால் இருவர் தற்செயலாகச் சேரலாம். கூட்டமாகச் சேர்வதற்குத் தற்செயல் போதாது.

உணர்கொம்பு வாதத்துக்கு விடையாக நான் கருதுவது 2022இல் வந்தது. அதே பேரினத்தைச் சேர்ந்த வளர்ந்த எறும்புகளும், அவற்றோடு ஒரு கூட்டுப்புழுவும் ஒரே துண்டில் இருப்பதை உள்ளே இருப்பதை ஊடுகதிரால் காட்டும் நுண்சிடி படங்களின் துணையோடு பூடினோ குழுவினர் விவரித்தார்கள். ஓடவோ ஊரவோ இயலாத கூட்டுப்புழு தானாக நடந்து மரத்தின் பிசினுக்கு வந்திருக்க முடியாது. எறும்புப் புற்றைக் கிளறிவிட்டால் உள்ளே இருப்பவை முதலில் செய்வது என்ன என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்: அரிசி போன்ற வெள்ளைப் பொதிகளைக் கவ்விக்கொண்டு ஓடும். அந்தக் காட்சியின் ஒரு துண்டு அந்தப் பிசினில் இருக்கிறது. குஞ்சு பேண முடியாது என்று சொல்லப்பட்ட வகை எறும்பு குஞ்சைச் சுமந்திருக்கிறது என்றால், தண்டின் நீளத்தை வைத்துச் செய்த கணிப்பு பிழை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

அதன்பின் 2024இல் தானிகுச்சி முதலானோர் ஜெரோன்டோஃபார்மிகாவின் உணர்கொம்பில் உள்ள மிக நுண்ணிய உணர்மயிர்களைக் கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் படமெடுத்து, இன்றைய எறும்புகள் எச்சரிக்கை மணத்தையும் கூட்டாளியின் மணத்தையும் அறியப் பயன்படுத்தும் மயிர்களோடு அவை ஒத்திருப்பதைக் காட்டினார்கள். உடலிலிருந்து குடும்ப வாழ்க்கையைப் படிக்க முடியுமா என்று முதலில் கேட்டீர்கள். மயிர் அளவுக்குச் சென்று படிக்கிறார்கள்.

மறுபக்கம்

இளவேனில் சுட்டிய சான்றுகளை ஏற்கிறேன். 2022ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு நானும் உணர்கொம்பு வாதத்தைத் தூக்கிப் பிடிப்பதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். அந்தச் சான்றுகள் எல்லாம் ஜெரோன்டோஃபார்மிகாவினுடையவை. ஸ்பெகோமிர்மா ஃப்ரேயி எறும்பு என்பது அதன் உடலிலேயே எழுதியிருக்கிறது. அது கூட்டமாய் வாழ்ந்தது என்பதோ அதன் உறவினரிடமிருந்து நாம் பெறும் முடிவு. நல்ல முடிவுதான். ஆனால் முதலாவதும் இரண்டாவதும் ஒரே தரத்துச் சான்றுகள் அல்ல. பொது வாசகருக்கான நூல்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன.

சிறகுள்ள இராணியும் சிறகற்ற வேலைக்காரரும் ஒரே இனத்தில் கிடைத்தால் ஐயத்துக்கே இடமில்லை. பிரான்சின் சராந்த் பகுதி அம்பரிலிருந்து 2008இல் விவரிக்கப்பட்ட ஹைடோமிர்மோடஸ் என்னும் எறும்பில் இரண்டும் கிடைத்தன. அது தாடை அரிவாள் போல மேல்நோக்கி வளைந்த "நரக எறும்பு" வகையைச் சேர்ந்தது. நமது ஸ்பெகோமிர்மாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

நுண்ணோக்கி

மறுபக்கம் சொன்ன வேறுபாடு சரியானது. என் முதல் பதிவில் அதை நான் அழுத்தியிருக்க வேண்டும்.

"முதல் எறும்பு" என்ற பட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1967இல் அது பொருந்தியது. பிறகு கச்சினும் பிரான்சும் அந்தப் பட்டத்தை ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முன்பு வாழ்ந்த எறும்புகளுக்கு மாற்றின. 2025இல் பிரேசிலின் கிராட்டோ படிவத்திலிருந்து விவரிக்கப்பட்ட வல்கனிட்ரிஸ் என்னும் நரக எறும்பு 11 கோடியே 30 லட்சம் ஆண்டு பழமையானது, அதுவும் அம்பரில் அன்று, சுண்ணாம்புக் கல்லில் கிடைத்தது. ஸ்பெகோமிர்மாவை இன்றைய எறும்புகளின் நேர்ப்பாட்டி என்றும் கருதுவதில்லை. இன்றைய எறும்புகளின் குலத்துக்கு அருகிலேயே தோன்றி வாழ்ந்து, வாரிசின்றி முடிந்த ஒரு பக்கக் கிளை என்பதே இப்போதைய கருத்து. நியூ ஜெர்சி அம்பரிலேயே, இன்று வாழும் ஃபார்மிசினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த கைரோமிர்மா என்னும் எறும்பு 2000இல் விவரிக்கப்பட்டது. பாட்டியும் பேத்தியும் என்று நாம் எண்ணிய இருவரும் ஒரே காட்டில் திரிந்திருக்கிறார்கள். கனடாவின் ஆல்பெர்டா மாநில அம்பரில், ஏறத்தாழ 7 கோடியே 80 லட்சம் ஆண்டுக்கு முன்பு, ஸ்பெகோமிர்மாவின் இன்னோர் இனம் என்று முதலில் விவரிக்கப்பட்ட எறும்பு தென்படுகிறது; 2017இல் அதை போல்டோனிமெசியா என்னும் வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். கிரிடேசியக் காலம் முடிந்த பிறகு இத்தகைய பழைய பக்கக் கிளைகளின் எச்சம் எங்கும் கிடைக்கவில்லை.

தோப்பூரான்

எல்லோருக்கும் நன்றி. எறும்பு என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. ஆனால் ஒரு சிக்கல். நேற்று நுண்ணோக்கி எழுதியதைப் படித்துவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சை எடுத்துக்கொண்டு, திண்ணையில் செத்துக்கிடந்த கருப்புக் கட்டெறும்பு ஒன்றின் பின்னங்கால் மூலையை அரைமணி நேரம் பார்த்தேன். இடுப்புக் கணு நன்றாகத் தெரிந்தது. சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. என் கண் கோளாறா?

நுண்ணோக்கி

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, ஐயா. தேர்ந்தெடுத்த எறும்பில்தான் கோளாறு. நீங்கள் பார்த்தது கேம்போனோட்டஸ் பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கும். எல்லா எறும்புகளுக்கும் பொது அடையாளம் என்று நான் எழுதிய அந்தச் சுரப்பியைப் பிற்காலத்தில் இழந்துவிட்ட எறும்புகளில் அவையும் அடங்கும். மாமரத்தில் இலை தைத்துக் கூடு கட்டும் முசுறுக்கும் அது கிடையாது. இதை நான் முதலிலேயே சொல்லாதது என் தவறு. பெற்றுப் பின் இழந்தவை என்பதை அவற்றின் உறவு முறையைக் கொண்டு அறிகிறோம். இடுப்புக் கணு முதலிய மற்றவை அப்படியே இருப்பதால் அவை எறும்பல்ல என்று யாரும் சொல்வதில்லை.

தோப்பில் தரையைப் பாருங்கள். வரிசையில் செல்லாமல் தனியாக இரை தேடும், உடல் முழுதும் கைரேகை போல நுண்ணிய வரிகள் ஓடும், சற்றே பெரிய கருநிற எறும்பு ஒன்று இருக்கும். அதன் வளை வாயில் சில இடங்களில் பறவை இறகுத் துணுக்குகள் கிடக்கும். அது டையகாம்மா. அதில் சுரப்பியின் வாய் தெரியும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டுப் பாருங்கள். அந்த எறும்பில் சிறகுள்ள இராணியே பிறப்பதில்லை, வேலைக்காரர்களில் ஒன்றே முட்டையிடுகிறது என்பதை மறுபக்கத்தின் கவனத்துக்கும் வைக்கிறேன். கையில் மட்டும் ஏற விட வேண்டாம். அதற்கும் கொடுக்கு உண்டு.